பிழை வருவது நிற்கும் வரை காத்திருந்தால் வெளியிடவே மாட்டீர்கள்

உங்கள் மென்பொருளுக்கு மூன்று வாரமாக டெஸ்டிங் ஓடுகிறது, தினமும் இரண்டு மூன்று பிழை வந்துகொண்டே இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை வருகிறது என்பதை விடுங்கள், என்ன மாதிரி வருகிறது என்று பாருங்கள். முதல் வாரம் சேமித்த பில் காணாமல் போனது, இப்போது பட்டன் இரண்டு பிக்சல் தள்ளி நிற்கிறது என்றால் கிட்டத்தட்ட முடித்துவிட்டீர்கள். நேற்றுச் சரிசெய்ததாலேயே இன்று வேறொன்று உடைகிறது என்றால் மட்டும் பொறுங்கள்.

எனக்கு உறுத்தியது, நடுவில் புது ரிப்போர்ட் திரையையும் சேர்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் புது வசதி சேர்க்க இரண்டு வாரம், அப்புறம் திருத்தம் மட்டும்தான், வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), வழக்கமாக ஆர்சி 7க்குப் பிறகு வெளியீடு, திருப்தி இல்லையென்றால் இன்னொரு வாரம், அவ்வளவுதான். அந்தத் திரையை அடுத்த பதிப்புக்குத் தள்ளுங்கள்.

தேதி தள்ளிப்போனாலும் தப்பில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பதிப்பு 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனில்தான் வந்தது, அதனால்தான் அது 6.06 (ஆண்டும் மாதமும்தான் அதன் பதிப்பு எண்).

இதைவிட முக்கியம், பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்பது. டேட்டாபேஸில் பழைய டேபிளை அழிக்கும் ஸ்கிரிப்ட்டோடு ஒருமுறை வெளியிட்டுவிட்டு, திரும்ப வழியில்லாமல் விடியும் வரை பேக்கப்பிலிருந்து வரி வரியாக மீட்டிருக்கிறேன் (வெள்ளிக்கிழமை மாலை வேறு). திரும்ப முடியும் என்றால் நாளைக்கே பத்துப் பயனர்களுக்குக் கொடுங்கள், இரண்டு நாள் லாகை (மென்பொருள் தன் நடப்பைப் பதியும் கோப்பை) பாருங்கள், பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.