மரக் கரண்டியில் கடைப் பெயர்: சுடுவதா, அச்சடிப்பதா?

கேள்வி: மொரீஷியஸில், கியூர்பிப்பில் வீட்டிலேயே சமைத்து எபேன் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். கல்யாண ஆர்டரும் வரும். மரக் கரண்டியிலும் முள்கரண்டியிலும் எங்கள் பெயரைப் பதிக்க ஆசை. குறைந்தது 50,000 எடுக்க வேண்டும், இரண்டு நிறத்தில் அச்சடித்துத் தருகிறேன், டை (பெயர் பதிக்கும் அச்சு) செலவு தனி என்கிறார் ஒரு ஏஜென்ட். மை வாயில் படுமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மையைப் பற்றிய உங்கள் பயம் நியாயம்தான். கைப்பிடியை யாரும் வாயில் வைப்பதில்லை, உண்மை. ஆனால் கட்டைப் பிரித்துப் பாருங்கள். கரண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சிலது தலைமாற்றி, நெருக்கி அடுக்கியிருக்கும். சரியாகக் காயாத மை ஒன்றின் கைப்பிடியிலிருந்து அடுத்ததன் குழியில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழிதான் வாய்க்குள் போகிறது. உணவுக்கு ஏற்ற மை இல்லாமல் இல்லை. ஆனால் மாதிரியில் காட்டிய மைதான் பெட்டியிலும் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அதனால் சூடு வையுங்கள். பெயரைச் செதுக்கிய பித்தளை அச்சைச் சூடாக்கி அழுத்தினால் மரம் பழுப்பாகக் கருகி எழுத்து விழும். மையே கிடையாது. நிறம் ஒன்றுதான், கருகல் நிறம். சிவப்பும் மஞ்சளும் வேண்டுமானால் கரண்டியைச் சுற்றும் காகிதப் பட்டையில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதில் பெயர், படம், தொலைபேசி எண் எல்லாம் வேண்டும் என்றால் கரிக்கோடுதான் மிஞ்சும். பெயர் மட்டும் போதும். தமிழில் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி கருகி அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். கண்ணன் கணணன் ஆகிவிடுவார். அச்சு செய்யக் கொடுக்கும் முன் அதே அளவில் காகிதத்தில் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 50,000. உங்கள் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியாததா? இந்தக் கரண்டிகள் பெரும்பாலும் பூச்சில்லாத பிர்ச் மரம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரு வருடச் சரக்கை கியூர்பிப் வீட்டு அறையில் அடுக்கினால் அடிப்பெட்டியைத் திறக்கும்போது பூசண வாடைதான் வரும். பெயர் பதித்த சரக்கைத் திருப்பி எடுப்பாரும் இல்லை.

டை செலவுதான் பெரிய பொறி. முதல் ஆர்டரில் அச்சுக்குக் காசு வாங்குவார்கள், நீங்களும் கொடுப்பீர்கள். ஆனால் அச்சு அவர்களிடமே இருக்கும். அடுத்த ஆர்டரில் 'தேய்ந்துவிட்டது' அல்லது 'ஃபேக்டரி மாறிவிட்டது' என்று சொல்லி மறுபடியும் கேட்பார்கள். வேறு ஆளிடம் போகலாம் என்றால் அச்சு கையில் இல்லை. காசு கொடுத்தது நீங்கள் என்றால் அச்சு உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே இதை எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். சொன்ன விலை துறைமுகம் வரையா, வாசல் வரையா, 15 சதவீத வாட் அதில் அடக்கமா என்றும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டு மரம்தான் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. சான்றிதழ் என்று ஒரு நகலை நீட்டினால் அதிலுள்ள எண்ணை எஃப்.எஸ்.சி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வேறு கம்பெனியின் பெயர் வந்தால் அந்த நகலுக்கு மதிப்பில்லை.

2021 ஜனவரியில் இங்கே பிளாஸ்டிக் கரண்டிக்குத் தடை வந்தது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தடுத்த வேகத்தில் பாதியையாவது, வீட்டில் சமைத்து விற்பவர் எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லிக்கொடுப்பதில் காட்டியிருக்கலாம். சந்தேகம் கேட்கப் போனால் ஒரு கவுண்டர் அடுத்த கவுண்டரைக் காட்டுகிறது. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். பதினாறு சென்டிமீட்டர் வெற்றுக் கரண்டியைத் தேவைக்கேற்ப உள்ளூரிலேயே வாங்குங்கள். உங்கள் பெயரில் ஒரு பித்தளை அச்சும் கையால் அழுத்தும் மின்சார சூட்டுக்கோலும் செய்துகொள்ளுங்கள். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சுட்டுக்கொள்ளலாம்.

கல்யாண ஆர்டருக்கு மட்டும் இது பொருந்தாது. வாழை இலையில் செட் காரி (ஏழு கறிச் சாப்பாடு) பரிமாறும் இடத்தில் கரண்டி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பாயசத்தை விரலாலா வழிப்பது? பெண் மாப்பிள்ளை பெயர் கேட்பார்கள். ஒரு நாள் கூத்துக்கு பித்தளை அச்சு வீண் செலவு. கோப்பையிலும் கேடயத்திலும் பெயர் பொறிக்கும் கடையில் லேசரில் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத்தான் பொறிக்கும், அதனால் சில நூறு வரை சரி, ஆயிரக்கணக்கில் கட்டாது. எழுத்தைச் சுற்றிப் புகைக்கறை படியும், சக்தியைக் குறைத்து முதலில் ஐந்தாறு பொறித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி மட்டும் போடவே போடாதீர்கள். மழையோ சாவோ வந்து முகூர்த்தம் தள்ளிப்போனால் அத்தனையும் அடுப்புக்குத்தான். மிஞ்சினால் வீட்டார் பிறகு உபயோகிக்கவும் தேதி இடைஞ்சல். தேதி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் காகிதப் பட்டையில் போட்டுக் கொடுங்கள், பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.