ஆட்டுக் கொட்டகைக்குத் தற்காலிகக் கரண்ட்: எங்கிருந்து எடுப்பது, எந்த ஒயர் போடுவது?

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கும் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகைக்கும் நடுவில் 60 மீட்டர் இருக்கும். ஐந்தாறு மாதத்துக்கு மட்டும் அங்கே கரண்ட் வேண்டும், அதற்குள் பக்கத்திலேயே சாளை (தோட்டத்து வீடு) கட்டி அதற்குத் தனி சர்வீஸ் (மின் இணைப்பு) வாங்கிவிடுவாராம். இரண்டு எல்இடி பல்பு, ஒரு பேன், முடிந்தால் 1 எச்பி தீவனத் தட்டு (சோளத்தண்டு) வெட்டும் மிஷின். "கொட்டகையை ஒட்டியே கிணத்து மோட்டார் ரூம் இருக்குதுங்க, அதுல இருந்து ஒரு பேஸ் எடுத்துக்கலாமுன்னு ஒயர்மேன் சொல்றாரு, செய்யலாமுங்களா?"

வேண்டாமுங்க. விவசாய சர்வீஸ் பம்புசெட்டுக்காகக் கொடுத்தது, மோட்டார் ரூமுக்குள் ஒரு லைட் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதிலிருந்து கொட்டகைக்கு இழுத்தால் 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் (அனுமதியில்லாத மின் பயன்பாடு) வந்துவிடும். உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். மின் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி 1972-ல் கோயம்புத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகளால் அடைத்த ஊர்க்காரர்கள் நாம், அந்த சர்வீஸின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பல்புக்காக அதில் கை வைக்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், "ஒரு பேஸ் எடுத்துக்கலாம்" என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதைவிடப் பயம். பேஸ் ஒயரில் வரும் கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்தான் நியூட்ரல். மூன்று பேஸில் ஓடும் மும்முனை மோட்டாருக்கு அது தேவையில்லை, அதனால் ஸ்டார்ட்டர் வரைக்கும் நியூட்ரல் ஒயரே வராத மோட்டார் ரூம்கள் நிறைய உண்டு. அப்போது என்ன செய்வார்கள் என்றால் பேஸை மட்டும் இழுத்து, எர்த் கம்பியையே நியூட்ரலாக வைத்து பல்பை எரிய வைப்பார்கள். பல்பு நன்றாகத்தான் எரியும். வெயில் காலத்தில் நம் செம்மண் காய்ந்து எர்த் பிடிப்பு விட்டுப்போனதும், அந்த எர்த் கம்பியும் அதோடு சேர்ந்த இரும்பு எல்லாமும் கரண்ட் ஏறி நிற்கும். தொடுவது ஆடோ ஆளோ, விளைவு ஒன்றுதான்.

ஆக, வீட்டு மீட்டருக்கு அடுத்த மெயின் போர்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பக்கம் போகாமல். வீடும் கொட்டகையும் உங்கள் ஒரே பூமிக்குள் இருக்க வேண்டும். ஊர் ரோட்டைத் தாண்டியோ பங்காளி காட்டு வழியாகவோ இழுக்கிற வேலை வேண்டாம். ஆடு வளர்ப்பைத் தொழிலாகச் செய்வதாக இருந்தால் வீட்டுக் கட்டணத்திலேயே ஓட்டலாமா என்று மின்வாரிய செக்‌ஷன் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒயர். உங்கள் கேள்வியில் முடிச்சு இருப்பது அந்தத் தட்டு வெட்டும் மிஷினில்தான். பல்பும் பேனும் சேர்ந்து அரை ஆம்பியர்கூட வராது, எந்த நல்ல செம்பு ஒயரும் தாங்கும். 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் வரை. ஏற்ற இறக்கம் சேர்த்து 70 மீட்டர் ஒயர் என்று வைத்தால், 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்தக் கணம் 90 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 2.5-ல் சுமார் 40, 4-ல் 25-க்குள். சாயங்காலம் உங்கள் வீட்டிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் 2.5 போட்டும் மிஷினுக்கு 160-தான் மிஞ்சும், உர்ர் என்று உறுமிக்கொண்டு நிற்கும், வைண்டிங் சூடாகும். எனவே மிஷின் கொட்டகையில்தான் இருக்க வேண்டும் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். என்னைக் கேட்டால், ஐந்தாறு மாதத்துக்கு மிஷினை வீட்டோரமாக வைத்து, வெட்டிய தட்டைக் கூடையில் சுமந்துபோய்ப் போட்டுவிடலாம். அப்போது 1.5 ஒயரே தாராளம்.

எந்த அளவு வாங்கினாலும் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கோர் இருக்கிற, மேலுறை போட்ட கேபிளாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக வாங்குங்கள். டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழைக்குத் தாங்காது.

வீட்டுப் போர்டில் இந்த லைனுக்கென்று தனி எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுகிற சுவிட்ச்), கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்). பல்பு, பேனுக்கு 6 ஆம்பியர் எம்சிபி போதும், மிஷினும் உண்டென்றால் 16 ஆம்பியர், மோட்டார் கிளம்பும் இழுப்புக்கு விழாத 'சி' வகை. எம்சிபி இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்று ஒயர்மேன் கேட்பார். கணக்கு இதுதான்: கொட்டகைத் தகரத்தில் பேஸ் பட்டுவிட்டது, அங்கே அடித்த எர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வையுங்கள், சுக்கான் கல் பூமியில் அதற்கு மேலும் இருக்கும். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது, தகரம் கரண்ட்டோடு நிற்கும். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதைக் கழற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அதைத்தான் தேட வேண்டும். வீட்டிலிருந்து வரும் எர்த் ஒயரைக் கொட்டகையின் தகரத்தோடும் இரும்புக் குழாயோடும் நட்டு போட்டு முறுக்கிவிடுங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

ஒயர் போகிற வழியில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு, கிளுவை வேலியின் முள்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவது. காற்றில் உரசி உறை கிழிந்தால் காடு முழுக்க வேலி கரண்ட் வேலியாகிவிடும். தென்னையிலும் கட்டாதீர்கள், அணில் விடாது. கம்பம் நட்டு, ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) கட்டி, அதில் கேபிளைத் தொங்கவிடுங்கள், கேபிளே பாரத்தைத் தாங்கக் கூடாது. தட்டு ஏற்றிய டிராக்டர் போகிற இடத்தில் 20 அடி உயரம் வேண்டும். மண்ணுக்குள் புதைப்பதென்றால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளும் இரண்டரை அடிக் குழியும் வேண்டும், இந்தக் கொஞ்ச நாளைக்கு அது வீண் செலவு.

தகரத்தில் ஓட்டை போட்டு அப்படியே ஒயரை நுழைத்தால் விளிம்பு அறுத்துவிடும், ஒரு சாண் பிவிசி பைப்பைச் செருகி அதற்குள் விடுங்கள். சுவிட்ச், பிளக் எல்லாம் ஆறடிக்கு மேலே. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி நின்று எட்டியதை எல்லாம் மென்று பார்க்கும், ஒயர் என்றும் பார்க்காது.

ஒயர்மேன் கிளம்புவதற்கு முன் ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள், டக்கென்று விழ வேண்டும். அப்புறம் மாதம் ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்கள். சாளைக்குப் புது சர்வீஸ் வந்து கொட்டகைக்கும் அதிலிருந்து லைன் கொடுக்கிற அன்று, முதல் வேலையாக இந்தக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிச் சுருட்டிவிடுங்கள். ஒரே கொட்டகைக்குள் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வந்தால், ஒன்றை அணைத்துவிட்டோம் என்று நம்பி வேலை பார்க்கிறவர் மேல் இன்னொன்று அடிக்கும்.