டிரிஸ்டன் டா குன்யா தீவுக்குச் சுற்றுலா செல்ல முடியுமா?

செல்லலாம்; ஆனால் பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. தென் அட்லாண்டிக்கில், ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் ஹெலினாவையே மிக அருகில் மக்கள் வாழும் நிலமாகக் கொண்ட இந்தப் பிரிட்டன் ஆட்சிப்பகுதியில் விமான நிலையம் இல்லாததால், தீவு மன்றத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்று, கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் கப்பலில் செல்ல வேண்டும். துறைமுகம் மிகச் சிறியது என்பதால் கப்பல் கடலிலேயே நிற்கும். கடல் கொந்தளித்தால் படகில் இறங்க இயலாது. கரையைக் கண்ணால் மட்டும் கண்டு திரும்பிய உல்லாசப் பயணிகள் பலர்.

தங்கும் விடுதி கிடையாது. 300 பேர்கூட இல்லாத அந்த ஊரில் பெரும்பாலும் தீவுவாசிகளின் வீடுகளில்தான் தங்க வேண்டியிருக்கும். அவர்களுடைய முதன்மை வருவாய் சிங்கி இறால் ஏற்றுமதி. அஞ்சல் தலை விற்பனையும் சிறிது உதவுகிறது. சுற்றுலாவை நம்பி வாழாததால், வருவோரின் வசதிக்காக ஊரை மாற்றிக்கொள்ளும் நெருக்கடி அவர்களுக்கு இல்லை என்றே கருதுகிறேன்.