சொல் கடை: ஆண்டிக்கு எதற்கு ஆன்ட்டிக்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்து முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. இங்கிலீஷில் பாதி, கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வாயிலிருந்து வந்தது. மீதி, ஒரு வீட்டைக் காலி செய்தபோது பித்தளைச் சாமானோடு வந்து சேர்ந்த அகராதியிலிருந்து. அதன் முதல் பக்கத்தில் ரங்கூன் கடை முத்திரை இருக்கிறது. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் 'ஏ' எழுத்தில் நான் கெட்டி, 'டபிள்யூ'வில் கொஞ்சம் தடுமாற்றம். "ஆன்ட்டி, ஆன்த் என்று தொடங்கும் சொற்களைக் கேளுங்கள்" என்று போன இதழில் எழுதினாலும் எழுதினேன், ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது.

மாசமாக இருக்கிறேன். செக்கப்புக்குப் போகும் இடத்தில் சுவரில் 'ஆன்ட்டிநேட்டல்' என்று எழுதியிருக்கிறது. மருந்துச் சீட்டில் 'ஆன்ட்டிபயாட்டிக்'. ஆன்ட்டி என்றால் எதிர்ப்பு என்கிறான் என் தம்பி. பிள்ளை பிறப்பதற்கா எதிர்ப்பு? மாமியார் முகம் சுளிக்கிறார். (வாசகி, புதுவயல்)

ஆத்தா, முதலில் மாமியாரைச் சமாதானப்படுத்து. காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் இரண்டும் வேறு சொல். எழுத்துக் கூட்டிப் பார். சுவரில் இருப்பது ஏ-என்-டி-இ. லத்தீன் சொல், 'முன்' என்று பொருள். நேட்டல் என்பது பிறப்பு. ஆக, பிறப்பதற்கு முன் செய்யும் கவனிப்பு. சீட்டில் இருப்பது ஏ-என்-டி-ஐ. அது கிரேக்கம், 'எதிர்' என்று பொருள். பயாட்டிக்கில் இருப்பது உயிர். உயிருக்கு எதிரானது என்றதும் பயந்துவிடாதே, அங்கே சொல்லப்படுவது கிருமியின் உயிர்.

அந்த லத்தீன் 'முன்' நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தினமும் ஓடுகிறது. காலை பத்து ஏ.எம். என்கிறோமே, அந்த 'ஏ' இதுதான். ஆன்ட்டி மெரிடியம், அதாவது உச்சிப்பொழுதுக்கு முன். ஆன்ட்டிரூம் என்றால் முன்னறை. வளவுக்குள் விடுவதா வேண்டாமா என்று வந்தவரைக் கணக்கப்பிள்ளை எடைபோடும் நம் முகப்புத் திண்ணையை இங்கே கைடுகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அமெரிக்கர்களிடம் ஒரு சௌகரியம் உண்டு. அவர்களில் பலர் எதிர்ப்பை 'ஆன்ட்டை' என்று இழுப்பார்கள், முன்னை 'ஆன்ட்டி' என்றே விடுவார்கள். லண்டன்காரர்களிடம் அந்த உதவியும் கிடைக்காது. எழுத்தைப் பார்த்தால்தான் உண்டு.

வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். முன்ஜாமீனுக்கு இங்கிலீஷில் 'ஆன்ட்டிசிபேட்டரி பெயில்'. எழுத்தில் 'ஐ'தான் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அது ஜாமீனுக்கு எதிர் என்றல்லவா ஆகவேண்டும்? (வாசகர், தேவகோட்டை)

குமாஸ்தா சார், நல்ல இடத்தில் மடக்கினீர்கள். இந்தச் சொல் வேஷம் போட்டு வந்தது. பிறப்பால் 'முன்' வகை. லத்தீனில் 'முன்' என்பதையும் 'பிடி' என்பதையும் சேர்த்துக் கட்டியபோதே 'இ' போய் 'ஐ' ஆகிவிட்டது. முன்கூட்டியே பிடித்துக்கொள்வது என்று பொருள். போலீஸ் உங்கள் கட்சிக்காரரைப் பிடிக்கும் முன் நீங்கள் ஜாமீனைப் பிடித்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 438ஆம் பிரிவைப் பிரித்துப் படித்தால் இந்தச் சொல்லே அதில் கிடையாது. 'கைதாவோம் என்று அஞ்சுகிறவர்' என்றுதான் போகும். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 482ஆம் பிரிவு ஆகிவிட்டது என்பது எனக்கு முன்னமே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. முன்னும் எதிரும் இப்படிக் குழம்புவது வெள்ளைக்காரனின் கவனக்குறைவு என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நம் பேச்சையே கவனித்தேன். அந்த ஆன்ட்டிசிபேட்டைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எதிர்பார்'. முன்கூட்டிப் பார்ப்பதற்கு நாமும் 'எதிர்' என்றுதானே சொல்கிறோம்? இன்னும் வராத காலத்துக்கு எதிர்காலம் என்று பெயர். நம்மைப் பகைக்கிறவனும் எதிரி, நாளைக்கு வரப்போகும் நல்ல நாளும் எதிர்காலம்.

மறுபக்கமும் உண்டு. 'முன்' என்ற சொல்லே தமிழில் எதிர்ப்பைச் சொல்லும். படைச்செருக்கு அதிகாரத்தின் முதல் குறளை எடுங்கள்:

என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை
முன்நின்று கல்நின் றவர்.

பகைவர்களே, என் தலைவன் முன்னே நிற்காதீர்கள், அப்படி நின்ற பலர் இப்போது நடுகல்லாக நிற்கிறார்கள் என்கிறான் வீரன். இங்கே முன் நிற்பது என்றால் எதிர்த்து நிற்பது. கிரேக்க ஆன்ட்டிக்கும் லத்தீன் ஆன்ட்டிக்கும் வேர் ஒன்று, அந்த வேருக்கு நெற்றி, முன்பக்கம் என்று பொருள் என்கிறார்கள் மொழிநூல்காரர்கள். என் நெற்றிக்கு நேரே வந்து நிற்பவன் எனக்கு முன்னாலும் நிற்கிறான், எதிரேயும் நிற்கிறான். அவன் கையில் வெற்றிலைத் தட்டு இருக்கிறதா, கம்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது மீதி.

ஒருமுறை மதுரையிலிருந்து வந்த வாடிக்கையாளரிடம் போனில், "கோவிலுக்கு முன்னாடி இறங்குங்க" என்றேன். அவர் கோவில் வருவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடந்து வந்து, அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து "எதிர்க்க" என்கிறேன்.

எங்கள் ஆயாவின் பெட்டகத்தில் குரோஷாவில் பின்னிய வெள்ளைத் துணி பன்னிரண்டு கிடைத்தன. கைக்குட்டைக்குப் பெரிது, மேசை விரிப்புக்குச் சின்னது. ஆயா 'நாற்காலித் துணி' என்பார்களாம். என் மகள் எங்கேயோ தேடி 'ஆன்ட்டிமகாசர்' என்று பெயர் சொல்கிறாள். விளக்குவீர்களா? (வாசகி, பள்ளத்தூர்)

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

கடை தொடங்கிய புதிதில் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருத்தி உள்ளே வந்து, "ஆன்ட்டிமகாசர் இருக்கிறதா?" என்றார். நான் வெகு மரியாதையாக, "நோ மேடம், ஒன்லி ஆன்ட்டிக்" என்றேன். அந்த அம்மா என் கையையே பார்த்தார். கையில் ஒரு குத்துவிளக்கு. அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த துணியை மெல்ல வாங்கித் தன் உள்ளங்கையில் விரித்தார். ஓரத்தில் திராட்சைக் கொத்து, நடுவில் அன்னம், எல்லாம் குரோஷாவில் பின்னியது. அன்னத்தின் கழுத்துவரை கரி. அது ஆறு துணி கொண்ட செட். நான்கை அதற்குள் கிழித்துத் தீர்த்திருந்தேன். மிச்சம் இருந்த இரண்டையும் நான் சொன்ன விலைக்கு மேலே கொடுத்து வாங்கிக்கொண்டு, போன நான்குக்கும் சேர்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இது 'எதிர்' வகைச் சொல். எதற்கு எதிர்? மகாசர் என்பது இந்தோனேசியாவில், சுலாவெசித் தீவின் தெற்கே இருக்கும் துறைமுகம். நம் ஆட்கள் கொண்டுவிற்கப் போன பினாங்கு, மேடானுக்கெல்லாம் வெகு கிழக்கே. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித் தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய் ஒன்று லண்டனில் சக்கைபோடு போட்டது. ரோலண்ட் என்ற நாவிதர் விற்ற எண்ணெய் அதில் பேர்போனது. துரைமார் தலை வழியத் தடவிக்கொண்டு மெத்தை நாற்காலியில் சாய்ந்தார்கள். வீட்டு அம்மாக்கள் பார்த்தார்கள், நாற்காலி முதுகில் ஒரு துணியைப் போட்டார்கள். மகாசர் எண்ணெய்க்கு எதிரான துணி, ஆன்ட்டிமகாசர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சொல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஏசி ரயிலிலும் சொகுசு பஸ்ஸிலும் தலை சாயும் இடத்தில் வெள்ளைத் துணி போட்டிருக்கிறார்களே, அது இதன் பேரன்தான்.

நம் வீடுகளில் பர்மா தேக்கு நாற்காலியில் சாய்ந்தவர்கள் தடவியது தேங்காய் எண்ணெய். ஆனாலும் ஆயா வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு துறைமுகத்தைத் தேட வேண்டிய வேலை இல்லை. ஆத்தா, தயவுசெய்து வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் விரித்துக் காயவிடுங்கள்.

ஆன்ட்டிக் என்றால் பழம்பொருள். 'ஆன்ட்டிக்ஸ்' என்றால் கோமாளித்தனம் என்றும் அகராதியில் இருக்கிறதே. உங்கள் கடையில் எது கிடைக்கும்? (வாசகர், கோட்டையூர்)

இரண்டும் கிடைக்கும், கோமாளித்தனம் இலவசம்.

பழம்பொருளுக்குக் கடைசி எழுத்துகள் கியூ-யூ-இ, கூத்துக்கு 'சி'. ஆனால் இரண்டுக்கும் தாய் அந்த லத்தீன் 'முன்'தான். முந்தைய காலத்தது, அதனால் ஆன்ட்டிக். ரோமில் நீரோ மன்னன் கட்டிய மாளிகை மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளிப்பட்டது. சுவரெல்லாம் ஓவியம். பாதி மனிதன் பாதி இலை, மிருகத்தின் வாலில் பூ. எங்கள் தெருக்கோடி வீட்டு முகப்பில் யாளி வாயிலிருந்து கொடி புறப்பட்டு, கொடி நுனி கிளியாகிப் பழம் தின்னுமே, அந்த மாதிரி. இத்தாலிக்காரர்கள் அதைப் 'பழைய பாணி' என்றார்கள். அந்தச் சொல் இங்கிலீஷுக்குப் போனபோது பழமையை விட்டுவிட்டு விசித்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. விசித்திர உருவம், பிறகு அப்படி வேஷம் கட்டுகிறவன், பிறகு அவன் அடிக்கும் கூத்து.

எது ஆன்ட்டிக் என்று பலர் கேட்கிறார்கள். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஓலைச்சுவடி, கையெழுத்துப்படி என்றால் எழுபத்தைந்து. அவற்றை நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை கிடையாது. உங்கள் அப்பச்சி வாங்கிய வால்வு ரேடியோவை ஆன்ட்டிக் என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். என்னிடமே இரண்டு இருக்கின்றன.

என் கடைப் பலகையை எழுதிய பெயிண்டர் தமிழில் 'ஆண்டிக்ஸ்' என்று எழுதிவிட்டார். தை மாதம், பழனிக்குப் பாதயாத்திரை புறப்படும் நேரம். ஒரு ஆச்சி படியேறி வந்து, "ஏப்பா, ஆண்டிக்குன்னு போட்டிருக்கே, காவடிக்குச் சலங்கை இருக்கா?" என்றார். இருந்தது, கொடுத்தேன். பலகையை இன்றுவரை மாற்றவில்லை.

ஆந்தம், ஆந்தாலஜி, ஆன்டெனா, ஆந்த்ராக்ஸ், ஆன்ட் (எறும்பு): இவையும் அதே குடும்பமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

தம்பி, ஒரே கடிதத்தில் ஐந்தா? சரி. ஆந்தாலஜி வேறு குடும்பம். கிரேக்கத்தில் 'ஆந்தோஸ்' என்றால் பூ. பூப்பறித்துச் சேர்ப்பது, தொகை நூல். சாமந்தி இனத்துக்குக் கிரிஸாந்தமம் என்று பெயரே, பொன்பூ, அதிலும் இந்தப் பூ இருக்கிறது. ஆந்த்ராக்ஸ் என்றால் கரி. அந்த நோயில் வரும் புண் கரிக்கட்டைபோல் கறுத்திருக்கும். ஆன்டெனா என்பது பாய்மரத்தில் பாய் கட்டும் குறுக்குக் கழி, தமிழில் பருமல். அரிஸ்டாட்டில் பூச்சியின் கொம்புக்குச் சொன்ன கிரேக்கச் சொல்லுக்கு அந்தக் கழி என்றும் பொருள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர் கழியையே எடுத்துப் போட்டுவிட்டார். அதுதான் பிறகு நம் மொட்டை மாடிக்கு வந்து காக்காய் உட்காரும் கம்பியானது. எறும்புக்கு யாரோடும் உறவில்லை, சுத்தமான பழைய இங்கிலீஷ்.

ஆந்தம் மட்டும் நம் குடும்பம், 'எதிர்' வகை. எதிர்க்குரல் என்று பொருள்படும் ஆன்ட்டிஃபோன் தேய்ந்து தேய்ந்து வந்தது. தேவாலயத்தில் ஒரு வரிசை பாட, எதிர் வரிசை திருப்பிப் பாடும் பாட்டு. குன்றக்குடி தாண்டிக் காவடிக் கூட்டம் போகும்போது முன்னே போகிறவர்கள் "வேல் வேல்" என்பார்கள், பின்னே வருகிறவர்கள் "வெற்றிவேல்" என்பார்கள் அல்லவா? அதுதான்.

சொந்தக்காரர் அல்லாத பெண்களை எல்லாம் 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறார்களே, அதற்கும் வேர் உண்டா? (வாசகி, கண்டனூர்)

உண்டு. லத்தீனில் 'அமிட்டா' என்று ஒரு சொல். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'ஆன்ட்' ஆகி, இங்கிலீஷுக்கு வந்தது. லத்தீன்காரர்கள் நம்மைப் போல உறவை ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமிட்டா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள் மட்டும். அம்மாவின் கூடப்பிறந்தவளுக்கு 'மாட்டர்ட்டெரா' என்று தனிச்சொல். ஆகவே கறாராகப் பார்த்தால் ஆன்ட்டி என்பது அயித்தை மட்டும்தான். சின்னாத்தா, பெரியாத்தாவை எல்லாம் அதில் அடைத்தது பிற்பாடு.

இதை என் வீட்டம்மாவிடம் சொன்னேன். அவளுக்குச் சமாதானம் இல்லை. போன வாரம் கடைக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, இந்த மரவை என்ன விலை?" என்றாள். உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஆண்டி பழனியில இருக்கான். மரவை எண்ணூறு ரூபா."