கவுன்சில் வீட்டு வேலைகள் சிறிய கம்பனிக்குக் கிடைக்குமா?

தம்பி, லண்டனுக்கு வந்து இரண்டு வருடங்களுக்குள் மூன்று பேருடன் பெயின்ட், துப்புரவு, சிறு திருத்த வேலைகள் செய்யும் கம்பனி ஒன்றைப் பதிந்து, எங்கள் ஆட்களின் வாடகை வீடுகளில் வேலை செய்து வருவதாக எழுதியிருந்தீர்கள். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, வாடகைக்கு விடும் வீடுகளின் திருத்த வேலைகள் பெரிய கம்பனிகளுக்கு மட்டும்தானா, உள்ளே யாரையாவது தெரிந்திருக்க வேண்டுமா, படிக்க வந்த பிள்ளைகளைத் துணைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதே தொழிலில் வடமேற்கு லண்டனில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உள்ளே ஆள் தேவையில்லை. ஆள் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரைக் கண்டால் விலகிப் போங்கள். 2010-ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதில் ஒருமுறை பெயர் கெட்டால், பொதுத்துறை வேலையின் பக்கம் பிறகு தலைவைக்க முடியாது.

பெரிய ஒப்பந்தங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆயிரக்கணக்கான வீடுகளின் திருத்த வேலையைச் சேர்த்துப் பல வருடங்களுக்கு ஒரே ஒப்பந்தமாகக் கவுன்சில் கொடுக்கும்போது, மூன்று பேர் உள்ள கம்பனிக்கு அதில் இடமில்லை. அதற்கு விலைமனு எழுதி மாதக்கணக்கை வீணாக்க வேண்டாம். அந்தப் பெரிய ஒப்பந்தக்காரரின் கீழ் உபஒப்பந்தக்காரராகச் சேர்வதும், கவுன்சில் தானே விலை கேட்டுக் கொடுக்கும் சிறு வேலைகளைப் பெறுவதுமே உங்களுக்குரிய வழிகள்.

அரச அமைப்புகள் வேலைகளையும் பொருட்களையும் எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லும் 2023-ஆம் ஆண்டின் கொள்முதல் சட்டம் இங்கிலாந்தில் 2025 பெப்ரவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘ஃபைண்ட் எ டெண்டர்’ என்ற அரச இணையத்தளத்தில் உங்கள் கம்பனியை இலவசமாகப் பதியுங்கள். வற் வரியுடன் 30,000 பவுண் அல்லது அதற்கு மேற்பட்ட வேலையைக் கவுன்சில் வெளிப்படையாக விளம்பரம் செய்தால், அந்த அறிவித்தல் அங்கே வர வேண்டும். அதற்குக் குறைந்த வேலைகளை ஒவ்வொரு கவுன்சிலும் தன் சொந்த விதிப்படி, பெரும்பாலும் ஒரு சிலரிடம் மட்டும் விலை கேட்டு முடித்துவிடும். கேட்கப்படும் அந்தச் சிலரில் ஒருவராக இருப்பதற்குத்தான் கவுன்சிலின் சொந்தக் கொள்முதல் தளத்திலும் பதிய வேண்டும், வழங்குநர்களுக்காக அவர்கள் நடத்தும் கூட்டங்களுக்கும் நேரில் போக வேண்டும். சிறு கம்பனிகளுக்கு உள்ள தடைகளைக் கவனத்தில் எடுக்கும்படி புதிய சட்டம் கவுன்சில்களைக் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் முழுமையாகப் பொருந்தும் பெரிய டெண்டர்களிற்கூட, ஒப்பந்தம் கையில் கிடைக்கும் முன்பே அதற்குரிய காப்புறுதியை வாங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்க முடியாது. கிடைத்தால் எடுப்பேன் என்று உறுதியளித்தால் போதும். ஆனால் ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவருக்கு 50 இலட்சம் பவுணுக்குக் குறையாத தொழிலாளர் காப்புறுதி இன்றே கட்டாயம். அது டெண்டருக்காக எடுப்பதல்ல.

எந்தக் கவுன்சிலிடம் வீடுகள் இருக்கின்றன என்பதையும் முதலில் பாருங்கள். எங்கள் ஆட்கள் நிறைய வாழும் மெர்ட்டன் கவுன்சில் 2010-இல் தன் வீடுகளை ஒரு வீட்டுச் சங்கத்திடம், அதாவது குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் இலாபநோக்கற்ற அமைப்பிடம், மாற்றிக்கொடுத்துவிட்டது. அவை இப்போது கிளேரியன் வீட்டுச் சங்கத்தின் கையில் இருக்கின்றன. ஹரோ, பிரென்ட், நியூஹாம் ஆகியவற்றில் கவுன்சிலே இன்னும் வீட்டுச் சொந்தக்காரர். வீட்டுச் சங்கங்களின் வேலையையும் இதே ஆயத்தத்தோடு நீங்கள் தேடலாம்.

சிறிய கம்பனிக்கு இன்று உண்மையான வாய்ப்பு ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தின் வடக்கிலுள்ள ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுச் சங்கமொன்றின் பூஞ்சணம் பிடித்த வீட்டில் வாழ்ந்து 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் பலமுறை முறையிட்டும் அந்த வீடு திருத்தப்படவில்லை. அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். பாரதூரமான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, ஆராய்ச்சி முடிந்து 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். இந்தக் கெடு கவுன்சில்களை நெருக்குகிறது. கூப்பிட்டால் மறுநாள் காலையில் வாசலில் நிற்கக்கூடிய, பக்கத்து ஊரிலேயே இருக்கிற சிறு கம்பனிக்குப் பெறுமதி கூடியிருப்பது இதனால்தான். ஆனால் பூஞ்சணத்தைக் கழுவி மேலே பெயின்ட் அடித்துவிட்டு வருவது வேலையாகாது; கூரை ஒழுக்கா, குழாய் ஒழுக்கா, காற்றோட்டம் இல்லாததா என்று காரணத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கப் பழகுங்கள். அந்த அறையில் ஒரு பிள்ளை தூங்குகிறது என்பதை உங்கள் ஆட்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, குடியிருந்தவர் போன பின் வெறுமையாகக் கிடக்கும் வீடுகள். இங்கே அவற்றை வொய்ட் (void) என்பார்கள். ஒவ்வொரு நாளும் வாடகை இழப்பு என்பதால், எத்தனை நாட்களில் வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் கவுன்சில் கணக்குப் பார்க்கும். சாமான்களை அகற்றல், ஆழமாகச் சுத்தம் செய்தல், பெயின்ட் மூன்றையும் ஒரே கம்பனி செய்தால் ஒப்பந்தக்காரருக்கு வசதி. எரிவாயு வேலையைக் காஸ் சேஃப் பதிவு உள்ளவர் மட்டுமே தொடலாம். குப்பையை உங்கள் வான் வண்டியில் ஏற்றுவதற்குச் சுற்றாடல் முகவரகத்தில் கழிவு ஏற்றிச்செல்பவராகப் பதிந்து, ஒவ்வொரு சுமைக்கும் கையளிப்புச் சீட்டு வைத்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். கோலம்போட்டது போல மேடும் பள்ளமுமாக இருக்கும் பழைய ஆர்டெக்ஸ் சீலிங்கைச் சுரண்டுவது பெயின்ட்காரரின் நுரையீரலுக்கே ஆபத்து. கல்நார் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்காமல் சுவரில் கை வைக்க வேண்டாம், உங்கள் ஆட்களுக்குக் கல்நார் விழிப்புணர்வுப் பயிற்சியும் கொடுங்கள்.

இப்போது உங்களிடம் வேலை தரும் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக் காசு தருகிறார். கவுன்சில் உத்தியோகத்தர் பெரும்பாலும் அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்பும் படங்களையும் பதிவுகளையும் பார்த்துத்தான் பணத்துக்குக் கையெழுத்து வைக்கிறார். ஆகவே இன்று செய்யும் தனியார் வேலைகளிலேயே முன்னும் பின்னும் படம், திகதி, செய்த வேலை, முறைப்பாடு வந்தால் அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பவற்றை எழுதி வைக்கத் தொடங்குங்கள். டெண்டரில் விலைக்கு ஒரு பங்கு புள்ளி, தரத்துக்கு ஒரு பங்கு புள்ளி. தரக் கேள்விகளுக்கான பதில்கள் இந்தப் பதிவுகளிலிருந்துதான் வரும். தனியாக வாழும் வயோதிபர் கதவைத் திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ‘நாங்கள் அனுபவமுள்ளவர்கள்’ என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. முதல்நாள் யார் தொலைபேசியில் பேசுவார், எத்தனை தடவை முயல்வார், கவுன்சிலில் யாருக்கு எப்போது அறிவிப்பார், எங்கே பதிவார் என்று நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுங்கள். சமூகப் பயன் பற்றிய கேள்வியும் வரும். அந்தப் பகுதி இளைஞர் ஒருவருக்கு வேலை பழக்குவேன் என்பது போல, உங்களால் நிறைவேற்றக்கூடியதை மட்டும் வாக்களியுங்கள்.

விலையில் எங்கள் ஆட்கள் செய்யும் வழக்கமான காரியம், அடிமட்ட விலை போட்டு உள்ளே நுழைந்துவிடலாம் என்று நினைப்பது. இயல்புக்கு மீறிக் குறைந்த விலைக்குக் கவுன்சில் விளக்கம் கேட்கலாம், விளக்கம் போதாவிட்டால் விலைமனுவை ஒதுக்கலாம். ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டால் உங்கள் நிலை அதைவிட மோசம், ஏனெனில் திருத்த வேலைகள் பலவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் விலை குறித்த அட்டவணை ஒன்று இருக்கும். அதிலிருந்து இத்தனை சதவீதம் குறைவாகச் செய்வேன் என்று எழுதிவிட்டால், ஒப்பந்தம் முடியும்வரை அந்தச் சதவீதம் ஒவ்வொரு வேலையிலும் உங்களிடமிருந்து கழியும்.

பொதுத்துறை ஒப்பந்தங்களில் 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம், அந்த விதி கீழுள்ள உபஒப்பந்தக்காரருக்கும் பொருந்தும். என்றாலும், நீங்கள் அனுப்பும் இன்வொய்ஸில் ஓர் இலக்கம் விடுபட்டாலே நாட்கள் இழுபடும். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் சாமானுக்கும் கையில் பணம் இல்லாமல் தொடங்காதீர்கள். பெயின்ட் வேலை கட்டுமான வரித் திட்டத்துக்குள் வருவதால், வருமானவரித் திணைக்களத்தில் உபஒப்பந்தக்காரராகப் பதிந்திருந்தால் கூலிப் பகுதியில் 20 சதவீதமும், பதியாவிட்டால் 30 சதவீதமும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இதை உங்கள் கணக்காளரிடம் இந்த மாதமே பேசுங்கள்.

படிக்க வந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, மாணவர் வீசாவில் உள்ளவர் சுயதொழிலாளராக வேலை செய்யவே முடியாது. ஆகவே சப்கொன்ராக்டர் என்று எழுதி அவர்களை வைத்திருப்பது அவர்களின் படிப்பையும் வீசாவையும் ஆபத்தில் தள்ளும். முறையாகச் சம்பளப் பட்டியலில் எடுத்தால், பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் செய்யக் கூடாது. வேலை செய்ய உரிமை இல்லாதவரை வைத்திருந்தால், முதல் தடவையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம் வரலாம். ஒருவர் வேலை தொடங்கும் முன், அவர் தரும் ‘ஷெயார் கோட்’ என்ற குறியீட்டை உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைத் திகதியுடன் சேமித்து வையுங்கள். பெரிய ஒப்பந்தக்காரர் உங்களைச் சேர்க்கும் முன் அதையும் கேட்பார்.