யாழ்ப்பாணத்தில் காருக்கு பிலிம் ஒட்டுறதோ, செறமிக் கோற்றிங் போடுறதோ?

கோண்டாவிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "2017 அக்குவா ஒன்று கைமாறி எடுத்திருக்கிறேன். மாதம் இரண்டு தரம் ஏ9 பிடித்துக் கொழும்புக்குப் போய் வருவேன். பெயின்ற்றைக் காப்பாற்ற பி.பி.எப் பிலிம் ஒட்டுறதோ, செறமிக் கோற்றிங் போடுறதோ?"

பி.பி.எப் என்றால் பெயின்ற்றின் மேல் ஒட்டுகிற தெளிவான பிளாஸ்ரிக் பிலிம். செறமிக் என்றால் திரவமாகப் பூசி இறுக விடுகிற மெல்லிய படலம். உங்கள் ஓட்டத்துக்கு பொனற், முன் பம்பர், சைட் மிரர்களின் கூடுகள், இவ்வளவுக்கும் பிலிம் ஒட்டுங்கள். மிச்சத்துக்கு செறமிக் போடலாம். ஆனால் அதற்கு முதல் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

என்னுடையது கருநீல விற்ஸ். செறமிக் போட்டுத் தந்த கடைத் தம்பி, "அண்ணை, இனித் தண்ணி அடிச்சுவிட்டால் காணும், வேற ஒண்டும் தேவையில்லை" என்றார். நானும் ஒரு ஞாயிறு மத்தியானம் மோட்டரைப் போட்டு, ஓசால் அடித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் பொனற் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைதான் காரிலும் படிந்தது. செறமிக் போட்ட பரப்பில் தண்ணீர் சேம்பிலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நிற்கும். பார்க்க வடிவுதான். அந்த முத்து வெயிலில் காய்ந்தால், அதிலிருந்த சுண்ணாம்பு முழுவதும் ஒரே புள்ளியில் தங்கிவிடும். வினாகிரியில் நிறையத் தண்ணீர் கலந்து நிழலில் வைத்துத் துடைத்தேன், புதுக்கறை போனது. வெயிலில் வெந்து இறுகினதுக்கு பொலிஷ் அடிக்க வேண்டி வந்தது. பொலிஷ் அடித்த இடத்தில் செறமிக்கும் சேர்ந்து போய்விட்டது, காசும்தான்.

கடைக்குப் போக முதல் மூன்று கணக்கை மனத்தில் வைத்திருங்கள். செறமிக் படலத்தின் தடிப்பு ஒன்றிரண்டு மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). காரின் கிளியர் கோற், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற தெளிவான பூச்சு, ஏறக்குறைய 40, 50. பிலிம் 150 முதல் 200 வரை. ஆனையிறவு தாண்டி ஒரு டிப்பருக்குப் பின்னால் போகும்போது தெறிக்கிற கல்லை ஒன்றிரண்டு மைக்ரோன் தடுக்குமோ? "9எச் கடினம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கிற அளவுகோல், வைரத்தோடு ஒப்பிடுகிற கணக்கு இல்லை. செறமிக்கின் உண்மையான பலன் வேறு. செம்பாட்டுப் புழுதி ஒட்டிப் பிடிக்காது, கழுவ லேசு, காக்கை எச்சம் விழுந்தால் பெயின்ற்றை அரிக்க முதல் துடைக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிலிமில் டி.பி.யு என்கிற பொலியுரேதேன் வகையைத்தான் கேளுங்கள். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகொப்டர் இறக்கைகளைக் காக்கப் பாவித்த பிலிமின் வழியில் வந்த சாமான் இது. மெல்லிய கீறல் சூடு பட்டால் தானாக மறையும், அந்தச் சூட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மலிவாகக் கிடைக்கிற பி.வி.சி பிலிமை என் அத்தான் ஒட்டினார். இரண்டு வெயில் காலத்தில் பழைய கலண்டர் மாதிரி மஞ்சளாகிவிட்டது, உரித்தால் பசை காரிலேயே நின்றது.

உங்கள் காரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பல கை மாறின கார் என்றால், எங்காவது திரும்பப் பெயின்ற் அடித்திருக்கலாம். வடிவாகப் பிடிக்காத பெயின்ற்றின் மேல் பிலிம் ஒட்டினால், உரிக்கிற நாளில் பெயின்ற்றும் சேர்ந்து வரும். தடிப்பு அளக்கிற மீற்றர் வைத்திருக்கிற ஆளிடம் முதலில் காட்டுங்கள். பிலிமை காரின் மேலேயே வைத்து பிளேட்டால் வெட்டுவார்களா என்றும் கேளுங்கள். வெட்டுவோம் என்றால் வெளிக்கிட்டு வந்துவிடுங்கள். செறமிக் என்றால், போட முதல் பொலிஷ் அடித்துப் பழைய கீறலை எடுக்காவிட்டால் அந்தக் கீறலையும் பத்திரமாக மூடித்தான் தருவார்கள்.

கழுவுவது காலையில் அல்லது பொழுதுபட, நிழலில். காய்ந்த புழுதியைத் துணியால் தட்டவே கூடாது, பெயின்ற்றில் விழுகிற சிலந்திவலைக் கீறல் பெரும்பாலும் அதால்தான். கடைசி அலசலுக்கு நான் சுண்ணாம்பு வடிகட்டின ஆர்.ஓ தண்ணீர் ஐந்து லீற்றரை வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிறேயரில் விட்டு அடிக்கிறேன் (புது ஸ்பிறேயர், தோட்டத்தில் பாவித்ததைத் தொடாதீர்கள்). மாரியில் பீலியில் பிடிக்கிற மழைத்தண்ணீரும் நல்லது. பிறகு மைக்ரோபைபர் துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடுவேன்.

மாமரத்துக்குக் கீழே மட்டும் விடாதீர்கள். காய் ஆயும்போது சொட்டுகிற பால் செறமிக்கையும் பார்க்காது, பிலிமையும் பார்க்காது. எங்கள் முற்றத்துக் கறுத்தக்கொழும்பானை வெட்டுகிற பேச்சையே அம்மா எடுக்க விடமாட்டா. அதனால் விற்ஸ் இப்போது பக்கத்து வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது.