ஐயாயிரம் சொல் மனப்பாடம் செய்யும் தம்பிக்கு

தம்பி, சிங்கப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆங்கிலம் ஓரளவு வருகிறது, ஆனால் மீட்டிங்கில் பெரியவர்கள் பேசும் கனமான சொற்கள் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஐயாயிரம் சொல் உள்ள புத்தகம் வாங்கித் தினம் இருபது மனப்பாடம் செய்தும் நிற்கவில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. முதலில் அந்த இருபதை நிறுத்துங்கள்.

நான் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தெரியும் என்று நினைத்த சொற்களில்தான் நான் அதிகம் தடுக்கி விழுந்திருக்கிறேன். வந்த புதிதில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக, லீவை ‘சாங்ஷன்’ செய்யும்படி மேலாளருக்கு எழுதினேன். நம் ஊர் ஆபீஸில் லீவும் லோனும் சாங்ஷன்தானே ஆகும்? அவர் கூப்பிட்டு, “யாருக்கு என்ன தண்டனை?” என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு அனுமதி என்றும் பொருள் உண்டு, தடை, தண்டனை என்றும் உண்டு. செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது. லீவுக்கு ‘அப்ரூவ்’ போதும்.

‘டேபிள்’ என்ற சொல்லும் அப்படித்தான். பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்கு ஓரம் கட்டுவது. இங்கே பன்னாட்டு நிறுவனங்களில் இரண்டு வழக்கும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். சொன்னது யார் என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சேர்க்கை இருக்கிறது. காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, மழைக்கு ‘ஹெவி’. பலத்த காற்று, பலத்த மழை என்று சொல்லிப் பழகிய நமக்கு அங்கே நாக்கு தடுமாறும். ‘ஒத்திவைப்பு’ என்று இங்குள்ள தமிழ் நாளிதழ் தமிழ் முரசில் ஒரே சொல்லாக வருவதைப் பாருங்கள்: வழக்கு என்றால் ‘அட்ஜர்ன்’, கூட்டம் என்றால் ‘போஸ்ட்போன்’, பணம் கட்டுவது என்றால் ‘டிஃபர்’. ஒரே செய்தியை முரசிலும் ஆங்கில நாளிதழ் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸிலும் அடுத்தடுத்துப் படித்தால் இந்த வித்தியாசம் தானாகப் பளிச்சென்று தெரியும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் கொடுக்கும் வரம் இது.

ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் ‘ஃபோரம்’ என்று வாசகர் கடிதப் பகுதி இருக்கிறது. நான் அதிகம் கற்றது அங்கேதான். ஒருவர் தன் பேட்டை லிஃப்ட் பற்றியோ பஸ் பற்றியோ குறை எழுதுவார். சில நாளில் சம்பந்தப்பட்ட அமைப்பு பதில் எழுதும். விஷயம் ஒன்று, தொனி இரண்டு. கோபத்தை மரியாதையாகச் சொல்வதும், மறுப்பை முகம் கோணாமல் சொல்வதும் எப்படி என்று அதில் இருக்கும். உங்கள் மீட்டிங்கில் ஓடுவதும் அதே ஆங்கிலம்தான். நூலகத்தில் உட்கார்ந்தே படிக்கலாம், வாங்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும் அர்த்தமும் எழுத வேண்டாம். கேட்ட வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள், யார் யாரிடம் எதற்காகச் சொன்னார் என்பதோடு. வாரத்துக்கு ஐந்து போதும். அந்த ஐந்தையும் அதே வாரத்தில் ஒரு மின்னஞ்சலிலாவது பயன்படுத்திவிடுங்கள். கை பழகாத சொல் தங்காது.

பட்டியல் இல்லாமல் முடியாது என்றால், நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலைப் பாருங்கள். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்த சொற்குடும்பங்கள் 570தான். அவை கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஐயாயிரத்தை விட அந்த 570 உங்களுக்கு உதவும்.

அப்புறம், சிங்லிஷை, அதாவது இந்த ஊர்ப் பேச்சு ஆங்கிலத்தை, மட்டமாக நினைக்காதீர்கள். கோப்பிக் கடையில் ‘முடியும்’ என்பதற்கு ‘கேன் லா’ என்பதுதான் சரியான ஆங்கிலம். அங்கே மீட்டிங் ஆங்கிலம் பேசினால் ஆள் விலகிப் போவார்.

முதல் இரண்டு வாரத்தில் எழுதிய பத்து வாக்கியங்களை எனக்கு அனுப்புங்கள் தம்பி. படித்துப் பார்த்து, எது எங்கே செல்லும் என்று அக்கா குறித்து அனுப்புகிறேன்.